சூடேறிய கேமரா: கோஸ்-17 வானிலைச் செயற்கைக்கோள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

அமெரிக்காவின் கோஸ்-17 வானிலைச் செயற்கைக்கோள் 2018 மார்ச் 1 அன்று ஃபுளோரிடாவின் கேப் கனாவெரலில் இருந்து அட்லஸ் 5 ராக்கெட்டில் ஏவப்பட்டது. ஏவுதலில் ஒரு குறையும் இல்லை. மார்ச் 12 அன்று, பூமியோடு சேர்ந்து சுற்றி ஒரே இடத்துக்கு மேலே நிற்க உதவும் புவிநிலைச் சுற்றுப்பாதையை அடைந்தது. ஆனால் அதன் முக்கியமான கேமராவைக் குளிர்விக்கும் அமைப்பு சரியாக வேலை செய்யவில்லை என்பது அடுத்த சில வாரங்களில் தெரிந்துவிட்டது. செயற்கைக்கோள் இருக்கும் இடமோ பூமத்திய ரேகைக்கு மேலே 35,786 கிலோமீட்டர் உயரம். அங்கே போய்ப் பழுது பார்க்க வழியே கிடையாது.

அப்படியிருந்தும் அதே கேமராவை வைத்து ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் பசிபிக் பெருங்கடலையும் அமெரிக்காவின் மேற்குப் பகுதியையும் கண்காணித்தார்கள். அது எப்படி முடிந்தது, வழியில் எடுத்த முடிவுகள் என்ன, அவற்றுக்கான காரணங்கள் என்ன என்பதைத்தான் இங்கே வரிசையாகப் பதிவு செய்கிறேன். இதில் பங்குபெற்ற பொறியாளர்கள், முன்னறிவிப்பாளர்கள் யாருடைய பெயரும் இதில் வராது. அவர்கள் செய்த வேலையை மட்டும் பார்ப்போம்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பழுதைக் கடைசிவரை யாராலும் சரிசெய்ய முடியவில்லை. ஆனால் அது எந்த மாதத்தில், எந்த மணி நேரத்தில் தலைகாட்டும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தது. பிறகு நடந்த நல்லது எல்லாம் அந்த ஒன்றிலிருந்து வந்தது என்பது என் கணிப்பு.

பின்னணி: பழைய கேமராவும் புதிய கேமராவும்

அமெரிக்காவில் வானிலைச் செயற்கைக்கோள்களின் பொறுப்பு நோவா என்று சுருக்கமாக அழைக்கப்படும் தேசியப் பெருங்கடல் மற்றும் வளிமண்டல நிர்வாகத்திடம் இருக்கிறது. அவற்றைக் கட்டமைத்து ஏவித் தருவது நாசாவின் வேலை. எப்போதும் இரண்டு கோஸ் செயற்கைக்கோள்கள் பணியில் இருக்கும். கிழக்கே ஒன்று அட்லாண்டிக்கையும் அமெரிக்க நிலப்பரப்பையும் பார்க்கும். மேற்கே இன்னொன்று பசிபிக், ஹவாய், அலாஸ்கா, கலிஃபோர்னியா பக்கம் பார்க்கும்.

மேற்கு இடத்தில் அப்போது இருந்தது 2010இல் ஏவப்பட்ட கோஸ்-15. அதன் கேமராவுக்கு ஐந்து அலைவரிசைகள்தான், அதாவது ஒளியின் ஐந்து அலைநீளப் பகுதிகளைத்தான் அது தனித்தனியாகப் படம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் 1 கிலோமீட்டர் அளவுக்கும், அகச்சிவப்பில் 4 கிலோமீட்டர் அளவுக்கும்தான் விவரம் கிடைக்கும். பூமியின் முழு வட்டத்தையும் வழக்கமாக மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறைதான் படம் பிடித்தது. ரேடாரோ நிலையங்களோ இல்லாத பரந்த கடலுக்கு நடுவே ஒரு புயல் உருமாறிக்கொண்டிருக்கும்போது மூன்று மணி நேர இடைவெளி பெரிது.

புதிய தலைமுறைக் கேமராவின் பெயர் ஏபிஐ. அதில் 16 அலைவரிசைகள்: கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இரண்டு, அதை ஒட்டிய அண்மை அகச்சிவப்பில் நான்கு, அகச்சிவப்பில் பத்து. சிவப்பு ஒளியில் அரை கிலோமீட்டர், அகச்சிவப்பில் 2 கிலோமீட்டர் என்று விவரம் கூடியது. முழு வட்டம் முதலில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை, 2019 ஏப்ரலுக்குப் பிறகு 10 நிமிடத்துக்கு ஒருமுறை என்று வேகமும் கூடியது. இது போக, 1,000 கிலோமீட்டர் நீளமும் அகலமும் கொண்ட சிறு பகுதிகளை நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கவும் முடியும். புயலின் கண், காட்டுத்தீ, இடிமேகக் கூட்டம் போன்றவற்றை விடாமல் பின்தொடர இந்த வசதிதான் உதவுகிறது.

இதே வகைக் கேமராவோடு 2016 நவம்பரில் போன கோஸ்-16 அதற்குள் தன்னை நிரூபித்திருந்தது. 2017 செப்டம்பரில் மரியா புயல் போர்ட்டோ ரிக்கோவைத் தாக்கியபோது அங்கிருந்த வானிலை ரேடார் அழிந்தது. அப்போது முன்னறிவிப்பாளர்கள் கோஸ்-16 அனுப்பிய நிமிடப் படங்களைக் கொண்டுதான் புயலின் மையத்தைப் பின்தொடர்ந்தார்கள். அதிகாரப்பூர்வப் பணியில் கோஸ்-16 அப்போது சேர்ந்திருக்கவில்லை, சோதனைக் கட்டத்தில்தான் இருந்தது. அதன் இரட்டைப் பிறவியான கோஸ்-17 மேற்கே வரப்போகிறது என்றபோது எவ்வளவு எதிர்பார்ப்பு இருந்திருக்கும் என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம்.

கேமராவுக்கு ஏன் அவ்வளவு குளிர் வேண்டும்

பழுதைப் புரிந்துகொள்ள இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

வெப்பம் உள்ள எந்தப் பொருளும் அகச்சிவப்புக் கதிரை வெளியிடும். மேகம், கடல், நிலம் மட்டுமல்ல, கேமராவின் உள்பாகங்களும் அப்படித்தான். பூமியிலிருந்து வரும் மெல்லிய அகச்சிவப்பைக் கேமரா அளக்க வேண்டுமானால் அதன் உணரிகள் தங்கள் சொந்த வெப்பத்தால் குழம்பாமல் இருக்க வேண்டும். அதற்காக ஏபிஐயின் அகச்சிவப்பு உணரிகளை ஏறத்தாழ 60 கெல்வினில், அதாவது மைனஸ் 213 டிகிரி செல்சியஸில் வைக்கிறார்கள். அலைநீளம் கூடக்கூட இந்தத் தேவை கடுமையாகும். 13.3 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைவரிசையின் உணரி கொஞ்சம் சூடானாலே நிரம்பி வழிந்துவிடும், வரும் ஒளி எது, தன் வெப்பம் எது என்று பிரிக்க முடியாது. 3.9 மைக்ரான் அலைவரிசை ஒப்பீட்டளவில் அதிகம் தாங்கும்.

இந்தக் குளிரை உண்டாக்குவது ஒரு கிரையோகூலர். குளிர்பதனப் பெட்டியின் பின்பக்கம் சூடாக இருப்பதுபோல, கிரையோகூலரும் உள்ளே இழுத்த வெப்பத்தை எங்காவது தள்ளியாக வேண்டும். விண்வெளியில் காற்று இல்லை. அதனால் அந்த வெப்பத்தை ஒரு ரேடியேட்டர் தகட்டுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து கதிர்வீச்சாக வெளியேற்ற வேண்டும். கொண்டுபோகும் வேலையைச் செய்வது வளைய வெப்பக் குழாய். அதற்குள் புரோப்பிலீன் என்ற திரவம் இருக்கிறது. சூடான முனையில் அது ஆவியாகி ரேடியேட்டருக்குப் போகும், அங்கே குளிர்ந்து மறுபடி திரவமாகித் திரும்பி வரும். பம்ப் கிடையாது. நுண்துளைகள் கொண்ட திரி போன்ற ஒரு பகுதி திரவத்தை உறிஞ்சி இழுப்பதால்தான் ஓட்டமே நடக்கிறது. ஆகவே வழியில் ஏதாவது அடைத்துக்கொண்டால் அதைத் தள்ளிவிட அங்கே எந்த விசையும் இல்லை.

2018 மே: கண்டது என்ன

ஏவிய பிறகு ஒவ்வொரு கருவியையும் படிப்படியாக இயக்கிப் பார்க்கும் சோதனைக் காலம் உண்டு. கோஸ்-17 அப்போது மேற்குத் தீர்க்கரேகை 89.5 டிகிரியில் நின்றிருந்தது. ஏபிஐயை இயக்கியபோது குளிர்விப்பு அமைப்பு எதிர்பார்த்த அளவுக்கு வெப்பத்தை வெளியேற்றவில்லை என்பதைச் சோதனைக் குழு கவனித்தது. பகலில் உணரிகள் ஓரளவு குளிர்ந்தன. இரவில் சில மணி நேரம் அவற்றின் வெப்பநிலை ஏறிக்கொண்டே போய், அகச்சிவப்பு அலைவரிசைகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பயனற்றுப் போயின.

மே 23 அன்று நோவா இதை வெளிப்படையாக அறிவித்தது. 16 அலைவரிசைகளில் 13 பாதிக்கப்பட்டிருந்தன. அன்றைய மதிப்பீட்டின்படி, அகச்சிவப்பு அலைவரிசைகள் ஒரு நாளில் பாதி நேரம்தான் கிடைக்கும் நிலை. கண்ணுக்குத் தெரியும் ஒளியை அளக்கும் பகுதிக்கு அவ்வளவு குளிர் தேவையில்லை என்பதால் அதற்குச் சேதம் இல்லை. மின்னல் வரைபடக் கருவி, சூரியனைப் பார்க்கும் கருவிகள், காந்தமானி போன்ற மற்றவையும் நன்றாகவே இருந்தன. மே 31 அன்று முதல் படங்களை வெளியிட்டபோது, அதில் இருந்தவை நல்ல நிலையில் இருந்த அலைவரிசைகளின் படங்கள்தான்.

இந்த அறிவிப்பை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். பழுதின் காரணம் அப்போது தெரியாது, எவ்வளவு மீட்க முடியும் என்பதும் தெரியாது. சோதனைக் காலம் முடியவும் மாதக்கணக்கில் இருந்தது. காத்திருந்து சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தத் தரவை நம்பித் திட்டமிட்டுக்கொண்டிருந்த முன்னறிவிப்பு அலுவலகங்களுக்கும் வானிலையைக் கணிக்கும் கணினி மாதிரிகளை இயக்குபவர்களுக்கும் மாற்று ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டும். முன்னதாகச் சொன்னதால் அந்த அவகாசம் கிடைத்தது.

முதல் கட்ட முடிவு: இரண்டு வேலைகள் ஒரே நேரத்தில்

காரணத்தைக் கண்டுபிடித்த பிறகு தீர்வைத் தேடுவது வழக்கமான வரிசை. இங்கே அந்த வரிசைக்காக யாரும் காத்திருக்கவில்லை. காரணம் தேடுவது ஒருபக்கம், இருக்கிற கேமராவிலிருந்து எவ்வளவு பெற முடியும் என்று பார்ப்பது இன்னொருபக்கம் என்று இரண்டும் சேர்ந்தே நடந்தன. காரணம் தெரிந்தாலும் மேலே இருக்கும் குழாயைத் தொட முடியாது என்பதால் இந்தப் பிரிவினை சரியானது. கீழே தொழிற்சாலையில் காத்திருக்கும் அடுத்த இரண்டு செயற்கைக்கோள்களுக்குக் காரணம் தெரிய வேண்டும். மேலே இருக்கும் ஒன்றுக்கு வேண்டியது சமாளிப்பு முறை.

2018 ஜூலைக்குள் சமாளிப்புப் பணி பலன் காட்டியது. 13 அலைவரிசைகள் 24 மணி நேரமும் கிடைக்கும், மீதி மூன்று பருவத்தைப் பொறுத்து 20 மணி நேரமோ அதற்கு மேலோ கிடைக்கும் என்று மதிப்பீடு உயர்ந்தது. பிற்பாடு, வடிவமைப்பின்படி கிடைக்க வேண்டிய தரவில் 97 விழுக்காட்டுக்கும் மேல் கிடைக்கும் என்று நோவா சொன்னது.

97 விழுக்காடு என்பது நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் முன்னறிவிப்பாளருக்கு அந்த ஒற்றை எண் போதாது. இழப்பு ஆண்டு முழுக்க சிறுகச் சிறுகப் பரவி இருக்கவில்லை. சில வாரங்களின் சில இரவு மணி நேரங்களில் குவிந்திருந்தது. அந்தக் குவிப்பில்தான் இந்த நிகழ்வின் சாரமே இருக்கிறது.

சூரியன் எழுதிய நாட்காட்டி

புவிநிலைச் செயற்கைக்கோள் எப்போதும் பூமியையே பார்த்துக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே உள்ள பகுதியில் நள்ளிரவு ஆகும்போது, செயற்கைக்கோளிலிருந்து பார்த்தால் சூரியன் பூமிக்குப் பின்னால், பூமியின் திசையிலேயே இருக்கும். அப்போது சூரிய ஒளி கேமராவின் திறப்புக்குள் நேராக நுழைகிறது. வெப்பக் குழாய் சரியாக இருந்தால் அந்த வெப்பம் ஒரு பொருட்டே இல்லை. கோஸ்-17இன் குழாய்க்கு அதை வெளியேற்றும் திறன் இல்லாததால் நள்ளிரவைச் சுற்றியும் அதற்குப் பிந்திய சில மணி நேரமும் உணரிகள் சூடேறின.

இரவு மட்டுமல்ல, பருவமும் முக்கியம். ஜூனிலும் டிசம்பரிலும் சூரியன் பூமத்திய ரேகைத் தளத்திலிருந்து 23 டிகிரிக்கு மேல் விலகி இருக்கிறது. ஒளி சாய்வாக வருவதால் கேமராவுக்குள் அவ்வளவாக நுழையாது. மார்ச், செப்டம்பரின் சம இரவு நாட்களை நெருங்க நெருங்க அது நேராகிறது. அப்படியானால் சம இரவு நாள்தான் மிக மோசமானதாக இருக்க வேண்டும் என்று தோன்றும். உண்மையில் அன்றைக்குப் பூமியே சூரியனை மறைத்து, அதிகபட்சம் 70 நிமிடம் அளவுக்குச் செயற்கைக்கோளுக்கு நிழல் தருகிறது. நிழலும் இல்லாமல் ஒளியும் ஏறக்குறைய நேராக வரும் காலம், அதற்குச் சில வாரங்கள் முன்னும் பின்னும்தான். ஆகவே பிப்ரவரி இறுதி, ஏப்ரல் நடுப்பகுதி, ஆகஸ்ட் இறுதி, அக்டோபர் நடுப்பகுதி என்று ஆண்டில் நான்கு உச்சங்கள் வந்தன.

இந்த விவரம் எனக்கு மிகவும் பிடித்தது. மின்சுற்றில் வரும் கோளாறு எப்போது வரும், எப்போது போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. இந்தக் கோளாறோ வானியல் கணக்குப்படி வந்து போனது. அடுத்த ஆண்டின் எந்த வாரத்தில் எந்த அலைவரிசை எந்த மணிக்கு மங்கும், எப்போது திரும்பும் என்று அட்டவணை போட முடிந்தது. ஓசோனைக் கவனிக்கும் அலைவரிசையும் கரியமில வாயுவைக் கவனிக்கும் 13.3 மைக்ரான் அலைவரிசையும் முதலில் போகும். காற்று மண்டலம் அதிகம் மறைக்காமல் விடும் 10.3 மைக்ரான் ‘சாளர’ அலைவரிசை கடைசிவரை ஓரளவு தாக்குப்பிடிக்கும். இரவில் மேக உச்சியைப் பார்க்க முன்னறிவிப்பாளர்கள் அதிகம் நம்புவது அந்தச் சாளர அலைவரிசையைத்தான் என்பது நல்வாய்ப்பு.

மேற்கு இடத்துக்கு அனுப்பலாமா?

எட்டி நின்று பார்த்தால் அப்போது சில வழிகள் தெரிகின்றன. கோஸ்-17ஐ உதிரியாக நிறுத்திவிட்டு பழைய கோஸ்-15ஐயே தொடரலாம். நன்றாக இருக்கும் கோஸ்-16ஐ மேற்கே நகர்த்திவிட்டு குறையுள்ளதைக் கிழக்கே வைக்கலாம். அல்லது ஏற்கெனவே திட்டமிட்டபடி கோஸ்-17ஐ மேற்கே அனுப்பலாம்.

மூன்றாவதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். அதற்கு வலுவான காரணங்கள் இருப்பதாக நினைக்கிறேன். சூடேறும் சில மணி நேரங்களைத் தவிர மற்ற நேரங்களில் கோஸ்-17 தரும் அலைவரிசைகளின் எண்ணிக்கையும் விவரமும் வேகமும் பழைய கேமராவைவிடக் கூடுதல். மின்னல் வரைபடக் கருவி கோஸ்-15இல் கிடையவே கிடையாது. கிழக்கே அட்லாண்டிக் புயல் பருவத்தின் உச்சம் செப்டம்பரை ஒட்டி வருகிறது. கேமரா மங்கும் காலங்களில் ஒன்றும் அதன் மேலேயே வந்து விழும். நன்றாக இருக்கும் கேமராவை அங்கிருந்து எடுப்பது பெரிய ஆபத்து.

2018 அக்டோபர் 24 அன்று கோஸ்-17 நகரத் தொடங்கி, நவம்பர் 13 அன்று மேற்கு 137.2 டிகிரியை அடைந்தது. 2019 பிப்ரவரி 12 அன்று அதிகாரப்பூர்வமாகக் கோஸ்-மேற்கு ஆனது.

இதோடு எடுத்த இன்னொரு முடிவை, அதிகம் பேசப்படாவிட்டாலும், நான் மேலே வைப்பேன். கோஸ்-15ஐ உடனே ஓய்வுக்கு அனுப்பாமல் மேற்கு 128 டிகிரிக்கு நகர்த்தி, பக்கத்திலேயே இயங்க விட்டார்கள். முதலில் ஆறு மாதங்களுக்கு என்று தொடங்கிய இந்த இணை இயக்கம் 2020 மார்ச் தொடக்கம் வரை நீண்டது. புதிய கேமரா மங்கும் இரவுகளில், தரம் குறைவானாலும் தொடர்ச்சியான அகச்சிவப்புப் படம் கையில் இருந்தது. இரண்டு செயற்கைக்கோள்களை இயக்கச் செலவு அதிகம், ஆட்களும் அதிகம் வேண்டும். ஆனாலும் முதல் ஆண்டின் நான்கு வெப்ப உச்சங்களையும் பின்னால் ஒரு துணையோடு கடந்து பார்க்க முடிந்தது.

சமாளித்த விதம்

பல சிறிய மாற்றங்கள் ஒன்றுசேர்ந்துதான் பலன் தந்தன.

உணரிகள் எப்போதும் 60 கெல்வினில் இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பை முதலில் கைவிட்டார்கள். அவற்றைச் சற்று உயர்ந்த வெப்பநிலையில் வைத்து, சமிக்ஞையைப் பெருக்கும் அளவையும் அதற்கேற்ப மாற்றினார்கள். பெருக்கத்தைக் குறைத்தால் உணரி நிரம்பி வழிவது தள்ளிப்போகும், ஆனால் படத்தில் இரைச்சல் கூடும். இரைச்சலான படம் கிடைப்பது, படமே இல்லாமல் போவதைவிட மேல்.

ஆண்டுக்கு இருமுறை செயற்கைக்கோளையே அரை வட்டம் திருப்பி, ரேடியேட்டர் தகடு சூரியனுக்கு முகம் காட்டாமல் பார்த்துக்கொண்டார்கள். வெப்பம் மிகுந்த காலத்து இரவுகளில் படமெடுக்கும் அட்டவணையையும் மாற்றினார்கள். முழு வட்டத்தை 10 நிமிடத்துக்குப் பதில் 15 நிமிடத்துக்கு ஒருமுறை எடுப்பது, கூடுதல் பகுதிப் படங்களைக் குறைப்பது, அப்படி மிச்சமான நேரத்தில் கேமராவுக்குள் ஒளியைத் திருப்பும் கண்ணாடியைச் சூரிய ஒளி அதிகம் விழாத திசைக்குத் திருப்பி வைப்பது என்று அந்த மாற்றம் அமைந்தது. வேகம்தான் இந்தக் கேமராவின் பெருமை. அதையே சில மணி நேரம் விட்டுக்கொடுத்து, அலைவரிசைகளைக் கூடுதல் நேரம் உயிரோடு வைத்துக்கொண்டார்கள்.

எனக்கு மிகச் சிறப்பாகத் தோன்றுவது 2019 ஜூலையில் செயல்பாட்டுக்கு வந்த முன்கணிப்பு அளவுத்திருத்தம். ஏபிஐ தன்னிடம் உள்ள ஒரு கரும்பொருளையும் (வெப்பநிலை துல்லியமாகத் தெரிந்த ஒரு கரிய பரப்பு) வெற்று விண்வெளியையும் அவ்வப்போது பார்த்து, உணரியின் அளவை எண்களாக எப்படி மாற்றுவது என்று சரிபார்த்துக்கொள்ளும். உணரியின் வெப்பம் நிலையாக இருந்தால், சில நிமிடம் முன்பு எடுத்த திருத்தம் இப்போதும் பொருந்தும். கோஸ்-17இலோ அந்தச் சில நிமிடங்களில் வெப்பம் ஏறிவிடும், எண்களும் பிசகிவிடும். பழைய திருத்தத்தை அப்படியே பயன்படுத்தாமல், வெப்பம் ஏறும் போக்கைக் கணித்து, இந்த நொடிக்கு எது பொருந்தும் என்று முன்கூட்டியே கணக்கிடும் முறையைச் சேர்த்தார்கள். உணரி முழுதாக நிரம்பும் வரை இதனால் நம்பகமான எண்கள் கிடைத்தன. வெறும் கணக்கால், தரையில் இருந்தபடியே, தினமும் சில மணி நேரத்தை மீட்டெடுத்தார்கள்.

பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலர் இன்னொரு வழியில் போனார்கள். கெடாத அலைவரிசைகளையும், கெடுவதற்கு முன் கிடைத்த நல்ல படங்களையும் இணைத்து, விடுபட்ட அலைவரிசை எப்படி இருந்திருக்கும் என்று மதிப்பிட்டு நிரப்பினார்கள். இது உண்மையான அளவீடு அல்ல. படத்தைப் பார்த்து மேகம் எங்கே நகர்கிறது என்று புரிந்துகொள்ள இது உதவும். கணினி மாதிரிக்குள் எண்ணாகச் செலுத்த வேண்டுமானால் கவனம் தேவை.

தரவோடு உணரியின் வெப்பநிலையையும் தரக் குறியீடுகளையும் சேர்த்தே கொடுத்தார்கள். இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். இந்தப் படப்புள்ளி எந்த வெப்பத்தில் எடுத்தது, நம்பலாமா என்று தரவைப் பெறுபவரே பார்த்து முடிவெடுக்க முடியும். முழுவதும் கெட்டுப்போன படம் பார்த்தவுடன் தெரிந்துவிடும், அதை ஒதுக்கிவிடலாம். அரைகுறையாகக் கெட்டு, பார்க்க நன்றாக இருந்தபடி இரண்டு டிகிரி தவறாகக் காட்டும் படம்தான் ஆபத்து. மேகத்தின் நகர்விலிருந்து காற்றின் வேகத்தைக் கணக்கிடும்போது மேக உச்சியின் வெப்பம் தவறினால், அந்தக் காற்றைத் தவறான உயரத்தில் வைத்துவிடுவோம்.

காரணம் தேடிய குழு

2018இல் நாசாவும் நோவாவும் சேர்ந்து விபத்து விசாரணைக் குழு அமைத்தன. குழுவின் முடிவு 2019இல் வெளியானது. வளைய வெப்பக் குழாய்க்குள் இருந்த அந்நியத் துகள்கள் திரவத்தின் ஓட்டத்தைத் தடுத்ததே பெரும்பாலும் காரணமாக இருக்க வேண்டும் என்றது அந்த முடிவு. தரையில் இதே போன்ற குழாய்களில் வேண்டுமென்றே துகள்களைச் செலுத்திப் பார்த்தார்கள், சோதனை முடிவுகள் அதற்கு ஆதரவாக இருந்தன. இயந்திரப் பாகம் பழுதடைந்திருக்கலாம் என்ற இன்னொரு காரணத்தையும் ஆராய்ந்து, அதற்கு வாய்ப்பு குறைவு என்றார்கள்.

“பெரும்பாலும்” என்ற சொல்லை இங்கே விட்டுவிடக் கூடாது. குழாய் மேலே இருக்கிறது, பிரித்துப் பார்த்து உறுதி செய்ய யாராலும் முடியாது. கையில் கிடைத்த வெப்பநிலை அளவீடுகள், தரைச் சோதனைகள், தர்க்கம் ஆகியவற்றை வைத்து எட்டக்கூடிய அளவுக்கே அந்த முடிவு போனது.

நான்கு ஆண்டுகளில் கிடைத்தது

இவ்வளவு குறையோடு இருந்த கேமரா கலிஃபோர்னியாவின் காட்டுத்தீப் பருவங்களைத் தொடர்ந்து கண்காணித்தது. தீயைக் கண்டுபிடிக்க அதிகம் உதவும் 3.9 மைக்ரான் அலைவரிசை குறைவாகவே பாதிக்கப்பட்டதால் அது முடிந்தது.

2022 ஜனவரி 15 அன்று டோங்கா அருகே ஹுங்கா டோங்கா எரிமலை கடலுக்கடியிலிருந்து வெடித்தது. சூரியன் சாய்வாக இருக்கும் மாதம் என்பதால் கேமரா நல்ல நிலையில் இருந்தது, 10 நிமிடத்துக்கு ஒரு முழு வட்டப் படம் வந்துகொண்டிருந்தது. மேற்கே இருந்து ஜப்பானின் ஹிமவாரி-8 வானிலைச் செயற்கைக்கோள், கிழக்கே இருந்து கோஸ்-17 என்று இரண்டு கோணங்களில் கிடைத்த படங்களை வைத்து நாசா ஆய்வாளர்கள் சாம்பல் தூணின் உயரத்தைக் கணக்கிட்டார்கள். அதன் உச்சி 58 கிலோமீட்டர். செயற்கைக்கோள் பதிவுகளில் அதுவரை காணாத உயரம் அது. 1991இல் வெடித்த பிலிப்பைன்ஸின் பினட்டூபோ எரிமலையின் தூண் 35 கிலோமீட்டர்தான். 2018 மே மாதத்தில் கோஸ்-17ஐ ஒதுக்கி வைத்திருந்தால், கிழக்குக் கோணம் கோஸ்-15இன் மூன்று மணி நேரப் படமாகத்தான் இருந்திருக்கும்.

குறைகளும் இருந்தன. ஒவ்வொரு ஆண்டும் வெப்ப உச்ச வாரங்களில் ஹவாய், அலாஸ்கா பக்கம் இரவுப் பணியில் இருந்தவர்கள் சில மணி நேரம் நீராவி அலைவரிசைகள் இல்லாமலே வேலை பார்க்க வேண்டியிருந்தது. ஆகஸ்டு இறுதி உச்சம் மத்திய பசிபிக் புயல் பருவத்துக்குள் விழுகிறது. துருவப் பாதையில் போகும் செயற்கைக்கோள்களின் தரவை வைத்து அந்த இடைவெளியை நிரப்பினார்கள். ஆனால் அவை ஓரிடத்தைக் கடக்கும் நேரத்தில் மட்டும்தான் பார்க்கும்.

மாற்றியவையும் இன்னும் மாற வேண்டியவையும்

தரையில் இருந்த அடுத்த செயற்கைக்கோளின் ரேடியேட்டரையும் வெப்பக் குழாய்களையும் மறுபடி வடிவமைத்தார்கள். துகள்கள் அடைத்துக்கொள்ளக்கூடிய வடிகட்டிகளை அகற்றி, அமைப்பை எளிமையாக்கியதுதான் அதன் மையம். தூசியைத் தடுக்க வைத்த வடிகட்டியே தூசி தங்கும் இடமாகிவிடும் என்பதை ஏற்றுக்கொண்ட மாற்றம் அது. இதற்காக ஏவுதல் தேதியைத் தள்ளிப்போட்டார்கள். மேலே இருக்கும் ஒன்று தடுமாறிக்கொண்டிருக்கும்போது மாற்றை விரைவில் அனுப்பும் ஆசை இயல்பு. பழைய வடிவமைப்போடே அனுப்பியிருந்தால் இரண்டு ஊனமான கேமராக்கள் மேலே இருந்திருக்கக்கூடும்.

கோஸ்-18 என்று பெயர் மாறிய அந்தச் செயற்கைக்கோள் 2022 மார்ச் 1 அன்று ஏவப்பட்டது. முந்தையதற்குச் சரியாக நான்கு ஆண்டுகள் கழித்து. இந்த முறை குளிர்விப்பு எதிர்பார்த்தபடி வேலை செய்தது. சோதனைக் காலம் முடிவதற்கு முன்பே, 2022 ஆகஸ்டிலும் மறுபடி அக்டோபர், நவம்பரிலும் கோஸ்-17 சூடேறும் வாரங்களில் கோஸ்-18இன் படங்களை அதன் இடத்தில் கொடுத்தார்கள். எந்த வாரங்களில் கடன் தேவைப்படும் என்பது முன்பே தெரிந்திருந்ததால்தான் அப்படி மாறி மாறி இயக்கும் திட்டத்தைப் போட முடிந்தது. 2023 ஜனவரி 4 அன்று கோஸ்-18 அதிகாரப்பூர்வமாக மேற்கு இடத்தை ஏற்றது.

இன்னும் மாற வேண்டியவை என்று எனக்குப் படுவதையும் சொல்கிறேன். சேவையில் இருக்கும் பழைய செயற்கைக்கோளை எப்போது நிறுத்துவது என்று தேதியை வைத்து முடிவெடுக்காமல், புதியது எல்லாப் பருவங்களையும் ஒருமுறை கடந்ததா என்பதை வைத்து முடிவெடுக்க வேண்டும். ஜூனில் சோதித்த கேமரா செப்டம்பரில் வேறாக நடந்துகொள்ளலாம் என்பதை இந்த நிகழ்வு காட்டிவிட்டது. அப்புறம், கிடைக்கும் தரவின் அளவை ஒரே விழுக்காடாகச் சொல்லும் வழக்கத்தை விட வேண்டும். எந்த அலைவரிசை, எந்த மாதம், எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை என்ற அட்டவணைதான் இரவுப் பணியில் இருப்பவருக்கு உதவும். பம்ப் இல்லாத, மாற்றுப் பாதையும் இல்லாத ஒரு குழாயைத் தேர்ந்தெடுக்கும்போது, அடைத்துக்கொண்டால் என்ன செய்வோம் என்ற கேள்விக்கு வரைபடத்திலேயே பதில் எழுதிவிடுவதும் நல்லது.

கோஸ்-17 மேற்கு 105 டிகிரிக்கு அருகே உதிரியாக நிறுத்தப்பட்டது. அதை மறுபடி பணிக்கு அழைக்க நேர்ந்தால், குளிர்விப்பு அமைப்பு அதே நிலையில்தான் இருக்கும். முன்கணிப்பு அளவுத்திருத்தம், அரை வட்டத் திருப்பம், 15 நிமிட இரவு அட்டவணை ஆகிய அதே நடைமுறைகளோடுதான் அதை இயக்க வேண்டியிருக்கும்.